கல்லையெல்லாம் மேலே கொண்டுவந்தார்கள்

ஆள் சேர்ந்தால்தான் லாஞ்ச் படகு கிளம்பும் என்று டிக்கெட் கொடுத்தவர் கறாராகச் சொல்லிவிட்டார். கோலார் தங்கவயலிலிருந்து ராத்திரி முழுக்க வேனில் குலுங்கி, இடுப்பு ஒடிந்து வந்தவர்களுக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்? மற்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஜெயம்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"இன்னா ஆறுமுகம் இது அநியாயம்? ஒரு வேன் நெறைய வந்து எறங்கிக்கிறோம். நாங்கல்லாம் ஆளுங்க இல்லியா, ஆட்டுக்குட்டிங்களா?"

"கொஞ்ச நேரம் குந்தும்மா. ஐதராபாத்துலருந்து ஒரு பஸ்ஸு வருதாம். அவங்க வந்தா எடுத்துருவாங்க."

"அதுக்குள்ள புளிசோறு ஊசிப்பூடும்."

"புளிசோறு எங்கியாச்சும் ஊசுமா? நீ ஊசாம இருந்தா செரி."

படித்துறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கண்மணி சிரிக்கவில்லை. மேல்படியில் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாடி, எவ்வளவு தண்ணீர்! ஐப்பசி மாதம். மேலே எந்தச் சீமையிலோ பெய்த மழையெல்லாம் கிருஷ்ணா ஆற்றில் இறங்கி, நாகார்ஜுனசாகர் அணை கரை முட்டிக் கிடந்தது. குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துச் சண்டை போட்டே பாதி ஆயுசைக் கழித்தவள் அவள். இத்தனை தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

சங்கத்துக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை இப்படிக் கிளம்புவது வழக்கம். தாத்தா காலத்திலேயே சுரங்க வேலைக்கு வந்த இடத்தில் பௌத்தம் தழுவிய குடும்பங்கள். ஒரு வருஷம் நாக்பூர், ஒரு வருஷம் சாஞ்சி. இந்த வருஷம் நாகார்ஜுனகொண்டா. அணைத் தண்ணீருக்கு நடுவே ஒரு தீவு, அதன் மேல் புத்தருடைய பழைய விகாரைகள். சங்கத் தலைவர் ஆறுமுகம் பெங்களூரு விகாரையிலிருந்து ஒரு பந்தேயையும் அழைத்து வந்திருந்தார். சின்ன வயசு பிக்கு. வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தது பாவம்.

கண்மணி இந்த மாதிரிப் பயணத்துக்கெல்லாம் வருகிற ஆள் இல்லை. மகன் ராகுலன்தான் விடாப்பிடியாக இழுத்து வந்தான். 'ஒரே ஒரு வாட்டி வாம்மா, ஓவியாவுக்கும் மனசு மாறும்' என்றான். மருமகள் பெயரைச் சொன்னதால் வந்தாள். வந்த பிறகு ஆறுமுகமும் ராகுலனும் தனியே தனியே போய்க் குசுகுசுத்ததைப் பார்த்து, இதில் என்னவோ இருக்கிறது என்று மட்டும் அவளுக்குப் பட்டது.

அந்த வீட்டில் ஒரு வருஷமாக ஒரே பேச்சுத்தான். ராகுலனுக்குப் பெங்களூருவில் ஏசி மெக்கானிக் வேலை, ஓவியாவுக்கு அங்கே ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங். தங்கவயலில் பாதி ஊருக்கு இதே பிழைப்புத்தான். இருட்டோடு எழுந்து மாரிகுப்பத்தில் ரயில் ஏறினால் இருட்டின பிறகு வந்து இறங்கவேண்டும். போன வருஷம் ஓவியா ஐந்து மாதம். பங்காருபேட்டை தாண்டினால் பெட்டியில் கால் வைக்க இடம் இருக்காது. வயிற்றைக் கையால் அணைத்தபடி நின்றுகொண்டே போனாள், நின்றுகொண்டே வந்தாள். ஆடி மாதத்தில் ஒரு நாள் ரயிலிலேயே உதிரம் பட்டுவிட்டது. பெங்களூருவில் இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை தங்கவில்லை.

இப்போது மறுபடி மூன்று மாதம். இனி ரயில் கூடவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பெங்களூருவிலேயே வீடு பார்த்துப் போய்விடலாம் என்கிறான் ராகுலன். "நீங்க போங்க, நான் வரல" என்கிறாள் கண்மணி. "உன்னைத் தனியா வுட்டுட்டு எங்கியும் போவ மாட்டேன்" என்கிறான் அவன். தாயும் மகனும் இப்படி ஆளுக்கொரு மூலையில் முறுக்கிக்கொண்டு நிற்க, நடுவில் அந்தப் பெண் வாயைத் திறக்காமல் தினமும் மாரிகுப்பத்தில் ரயில் ஏறிக்கொண்டிருந்தது. இது நியாயமா என்று கேட்டால் கண்மணிக்கும் நியாயமில்லை என்றுதான் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அவளால் வரமுடியாது.

ஏன் வரமுடியாது என்பது ஊருக்கே தெரியும். அவள் புருஷன் மனோகரன் அங்கேதான் இருக்கிறான், நந்திதுர்க் சுரங்கத்தில், பூமிக்குக் கீழே. ராகுலனுக்கு மூன்று வயசாக இருக்கும்போது ராத்திரி ஷிப்டுக்குப் போனவன். கீழே பாறை வெடித்து ஒரு லெவலே, அந்த ஆழத்துச் சுரங்கப்பாதை முழுக்க, உட்கார்ந்துவிட்டது. கூட இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே கொண்டுவந்தார்கள். மனோகரனை மட்டும் கொண்டுவர முடியவில்லை. இதற்குமேல் போனால் தேடப் போனவர்களும் திரும்பமாட்டார்கள் என்று அந்த வழியைச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். நாலு வருஷம் கழித்துச் சுரங்கத்தையே மூடினார்கள். தண்ணீர் இறைக்கிற பம்பையும் நிறுத்தினார்கள். தண்ணீர் லெவல் லெவலாக ஏறியது. ஏறி ஏறி அந்தச் சுவரையும் தாண்டியிருக்கும். அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை.

ஐதராபாத் பஸ் வந்து சேர, லாஞ்சும் ஒருவழியாகக் கிளம்பியது. டீசல் புகையும் பாசி நாற்றமும் குப்பென்று அடித்தன. ஓவியாவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்துவிட்டு, கண்மணி கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜெயம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே வந்து எதிரே குந்தினாள்.

"இன்னாடி கண்மணி, கம்பிய இந்தப் புடி புடிச்சிக்கினு கீறே? புடுங்கிக்கினு வூட்டுக்கு எட்த்துட்டுப் போவப்போறியா?"

"பயமா கீதுக்கா."

"இதுக்கு இன்னா பயம்? நம்ம ஆம்பளைங்க ஒரு கவுத்த நம்பி எவ்ளோ ஆழம் போய் வந்தாங்க."

சொன்ன பிறகுதான் ஜெயம்மாவுக்கு உறைத்தது. சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, வெற்றிலையை வாயில் போட்டு அடைத்துக்கொண்டாள்.

லாஞ்சில் கயிறு வீசுகிற ஆள் ஒருவன் இருந்தான். நாகேஷ் என்று பெயர், முப்பது வயசிருக்கும். காலை நீட்டாதே, கையை வெளியே விடாதே என்று தெலுங்கில் அதட்டிக்கொண்டே வந்தவன், கண்மணி பதில் சொன்ன தெலுங்கைக் கேட்டதும் நின்றுவிட்டான்.

"ஏ ஊரம்மா? மாட்ட கொத்தகா உந்தி?"

பேச்சு புதுசாக இருக்கிறதாம். தங்கவயல் தெலுங்கு வேறு எப்படி இருக்கும்? பாதி தமிழ், கால் கன்னடம். கோலார் பக்கம் என்று சொன்னாள். அப்புறம் மனசில் இருந்ததைக் கேட்டாள். இந்தத் தண்ணீருக்குக் கீழே என்ன இருக்கிறது?

அவன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான். கீழே இருப்பது பெரிய பள்ளத்தாக்கு. அணை கட்டுவதற்கு முன்னே அங்கே ஊர்கள் இருந்தன, சோளக் காடு இருந்தது. அவனுடைய அப்பாவின் ஊரும் கீழேதான். இப்போது தீவில் பார்க்கப்போகிற விகாரைகளும் ஸ்தூபங்களும் முதலில் கீழேதான் இருந்தனவாம். அணை கட்டித் தண்ணீர் ஏறும் என்று தெரிந்ததும், வருஷக்கணக்காகத் தோண்டி எடுத்து மலைமேலே கொண்டுபோய், இருந்தது இருந்தபடியே மறுபடி கட்டி வைத்தார்களாம். அந்த மலையின் உச்சிதான் இப்போது தீவாக நிற்கிறது.

"கல்லையா?" என்றாள் கண்மணி.

"கல்லு, செங்கல்லு, தூணு, பொம்மை, அன்னீ. தண்ணி வர்றதுக்கு முன்ன எல்லாத்தையும் பைகி தெச்சாரு அம்மா."

எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்துவிட்டார்கள். அவன் ஜெயம்மாவை அதட்டத் திரும்பிவிட்டான். வெற்றிலை எச்சிலைத் தண்ணீரில் துப்பினாளாம். ஓவியா அத்தையின் கையைத் தொட்டு, "தலை சுத்துதா அத்தே?" என்று கேட்டாள். இல்லையென்று தலையாட்டினாள். நெஞ்சுக்குள் மட்டும் ஏதோ ஒன்று மெல்லப் புரண்டு படுத்தது.

தீவில் இறங்கியதும் வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு பக்கமும் மரம் வைத்த பாதை. முதலில் மியூசியம். உள்ளே ஆளுயரத்துக்கு மேலே வெள்ளைக் கல்லில் புத்தர் நின்றார். தோளிலிருந்து மடிப்பு மடிப்பாகத் துறவியின் சீவர உடை. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் மனசு அடங்கும். கண்மணிக்கு அடங்கவில்லை. இவரையும் கயிறு கட்டித்தானே மேலே ஏற்றியிருப்பார்கள், எத்தனை பேர் இழுத்திருப்பார்கள் என்றே அவள் புத்தி போய்க்கொண்டிருந்தது.

வெளியே மேட்டில் ஸ்தூபம். சக்கரம் போலச் செங்கல் அடுக்கிய வட்டம். பக்கத்தில் ஒரு மரத்து நிழலில் ஆறுமுகம் ஜமுக்காளத்தை விரித்தார். பந்தே முகம் கழுவித் தெளிந்து வந்து உட்கார்ந்தார். எல்லோரும் பஞ்சசீலம் சொன்னார்கள். ஜெயம்மா ஊதுவத்தி கொளுத்தினாள். பிறகு ஆறுமுகம் பையிலிருந்து ஒரு சின்னச் செம்பு, ஒரு கிண்ணம், ஒரு தட்டு எடுத்துப் பந்தே முன்னால் வைத்தார். அதைப் பார்த்ததும் கண்மணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

செத்துப்போனவர்களுக்குப் புண்ணியம் சேர்க்கிற சடங்கு அது. பந்தே பாலி மொழியில் ஓத, வீட்டு ஆள் ஒருவர் செம்புத் தண்ணீரைக் கிண்ணத்தில் விடவேண்டும். கிண்ணம் நிரம்பித் தட்டில் வழிய வழிய விடவேண்டும். இது எங்கள் உறவுகளைச் சேரட்டும், அவர்கள் சுகமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, முடிந்ததும் அந்தத் தண்ணீரை ஒரு மரத்தடியில் ஊற்றிவிடுவார்கள். சங்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். கண்மணி வீட்டில் மட்டும் செய்ததில்லை. உடம்பே வராத மனுஷனுக்கு எந்தச் சடங்கும் அவள் செய்யவிட்டதில்லை, படத்துக்கு மாலைகூடப் போட்டதில்லை.

"வாம்மா கண்மணி, முன்னால வந்து குந்து" என்றார் ஆறுமுகம். பந்தே பக்கம் திரும்பினார். "பந்தே, பேரு மனோகரன். சுரங்கத்துல தவறிட்டாரு."

பந்தே செம்பை எடுத்து அவள் பக்கமாக நீட்டினார். ராகுலன் பின்னாலிருந்து அவள் முதுகை மெல்லத் தள்ளினான்.

"இதுக்குத்தான் இட்டாந்தியா?" என்றாள் அவனைத் திரும்பிப் பார்த்து.

"ஒரு வாட்டி பண்ணிடும்மா. மனசு ஆறும். அப்புறம் நிம்மதியா பெங்களூர் போலாம்."

"இன்னாத்த ஊத்தச் சொல்றே?"

"தண்ணிதாம்மா."

"தண்ணியா!"

அந்தச் சத்தத்தில் ஐதராபாத் கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"பம்பை நிறுத்துன அன்னைக்கு நான் சுரங்கத்து ஷாப்ட் வாசல்ல நின்னுக்கினு இருந்தேண்டா. உன் கையப் புடிச்சிக்கினு நின்னேன். அப்புறம் தண்ணி இவ்ளோ ஏறுச்சு, அவ்ளோ ஏறுச்சுன்னு ஊரெல்லாம் பேசுச்சு. அந்த மனுசன் எந்தத் தண்ணிக்கு அடியில கீறாரு, சொல்லு! அவரு மேல தண்ணி பத்தலியா? இன்னும் ஊத்தணுமா? நான் என் கையால ஊத்தணுமா?"

ஆறுமுகம் இத்தனை வருஷம் எத்தனையோ வீட்டில் நின்று இந்தத் தண்ணீரை ஊற்றவைத்தவர். சுரங்கத்துத் தண்ணீருக்கு அடியில் கிடப்பவனுக்கு இதை ஊற்றச் சொல்லலாமா என்று அவருக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லையே. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் யாருக்குமே தோன்றவில்லை.

"அம்மா, அவரு செத்து எத்தினி வருசமாவுது!" ராகுலனுக்கும் பொறுமை போய்விட்டது. "எனக்கு அவரு மூஞ்சிகூட ஞாபகம் இல்ல. ராத்திரி உள்ள பாறை வெடிச்சு பூமி லேசா ஆடுனா ஊரே வெளிய ஓடுது. நீ மட்டும் படுத்துக்கினு 'கீறேன், இங்கதான் கீறேன்'னு தரைகிட்ட பேசிக்கினு கீறே. எனக்கு பயமா கீதும்மா. செத்தவருக்கு நீ காவல் இருக்கே. உயிரோட கீறவங்களுக்கு யாரு இருக்கறது? அவளப் பாரு. இன்னொண்ணும் போவணுமா?"

"ராகுல், போதும், சும்னே இரு" என்றாள் ஓவியா.

கண்மணி ஆறுமுகத்தைப் பார்த்தாள்.

"இந்தக் கல்லையெல்லாம் மேல கொண்டாந்துட்டாங்களாம்ணே. தண்ணி வரும்னு தெரிஞ்சு, ஒரு செங்கல்லுகூட வுடாம. யாரோ எந்தக் காலத்துலயோ அடுக்குன கல்லு. ஒரு ஆள மேல கொண்டார நம்மால முடியலியே."

ஆறுமுகம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தில் வைத்துக்கொண்டார். தேடப் போன கூட்டத்தில் கடைசியாக மேலே வந்தவர் அவர்தான்.

"கையால நோண்டுனோம்மா. நகம் பேந்துச்சு. பாறை பேசிக்கினே இருந்துச்சு, கடகடன்னு, நிக்கவே இல்ல. ஏறி வரச் சொல்லி மேலருந்து பெல்லு அடிச்சிக்கினே கீறான். நான் வரமாட்டேன்னேன். ரெண்டு பேரு காலப் புடிச்சு இஸ்து கேஜ்ல போட்டாங்க. அதுலருந்து உன் மூஞ்சிய நேராப் பாத்து நான் பேசனது இல்ல, நீ கவனிச்சியோ இல்லியோ. இன்னைக்காவது அவனுக்கு ஒண்ணு பண்ணலாம்னு நெனச்சேன். தப்பாப் பூட்ச்சு. மன்னிச்சிரும்மா."

பந்தே செம்பைக் கீழே வைத்துவிட்டார். "வற்புறுத்தல அம்மா. இங்கேயே இருக்கட்டும்" என்றார் மெதுவாக. வேறு என்ன சொல்வார், பாவம். சின்னப் பிள்ளை.

கண்மணி எழுந்து நடந்தாள். பாதை முடிந்து கம்பி வேலி வருகிற இடம்வரைக்கும் நடந்தாள். அங்கே ஒரு வேப்பமரம். அதன்கீழே உட்கார்ந்தாள். வேலிக்கு அப்பால் சரிவு, சரிவுக்குக் கீழே மறுபடியும் தண்ணீர். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. அவள் அழுது வருஷக்கணக்காகிறது.

கொஞ்ச நேரத்தில் ஓவியா வந்தாள். கையில் இரண்டு பொட்டலம்.

"ஜெயம்மாக்கா குடுத்தாங்க. துன்னுங்க அத்தே."

"எனக்கு வேணாம். நீ துன்னு. வாயும் வயிறுமா கீறவ பசியோட இருக்கக்கூடாது."

"நீங்க துன்னாத்தான் நான் துன்னுவேன்."

புளிசோறும் வேர்க்கடலைத் துவையலும். இரண்டு பேரும் வேலியைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காகம் ஒன்று வந்து தத்தித் தத்தி நின்றது. ஓவியா ஒரு உருண்டை வைத்தாள்.

"ராகுல் பேசுனது தப்பு அத்தே. எனக்காகப் பேசிட்டாரு."

"அவன் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல. நான்தான் முண்டம். எனக்குப் புரியாமயா கீது? கால் எழும்ப மாட்டேங்குதுடி. அந்தத் தரைய வுட்டுப் போனா, அவர மறுபடியும் ஒருக்கா உள்ள வச்சு அடைச்ச மாதிரி ஆயிடும்."

ஓவியா கையிலிருந்த சோற்றைப் பார்த்தபடியே பேசினாள். அவளுக்குச் சத்தமாகப் பேசவே வராது.

"உங்களுக்கு அந்தத் தரையாவது கீது அத்தே. காலை வச்சா, கீழ மாமா கீறாருன்னு தெரியும். எனக்கு அதுகூட இல்ல."

கண்மணிக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில மயக்கம் தெளிஞ்சதும் கேட்டேன். எங்க வச்சிக்கீறீங்கன்னு. நர்ஸம்மா, 'அதெல்லாம் பாக்கக்கூடாதும்மா, கிளீன் பண்ணிட்டோம்'னாங்க. எங்க போட்டீங்கன்னு கேட்டேன். அதுக்குப் பதில் சொல்லல. பையன்னு மட்டும் சொன்னாங்க." அவள் காகத்துக்கு இன்னொரு உருண்டை வைத்தாள். "இப்பவும் டேஷன்ல எறங்கி நடக்கறப்ப குப்பை வண்டி எதுனா போச்சுன்னா என் கால் நின்னுரும் அத்தே. அதுல கீறானோன்னு. ராகுல்கிட்டகூட நான் இத்த சொன்னதில்ல."

கண்மணி கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

ஒரே கூரைக்குக் கீழே ஒரு வருஷத்துக்கு மேலாக இந்தப் பெண் இதைச் சுமந்துகொண்டு நடமாடியிருக்கிறது. விடிகாலையில் எழுந்து சோறு கட்டியிருக்கிறது, ரயில் ஏறியிருக்கிறது, ராத்திரி வந்து பாத்திரம் துலக்கியிருக்கிறது. கண்மணி அன்றைக்கு என்ன சொன்னாள்? 'போனது போச்சும்மா, மனசத் தேத்திக்கோ, அடுத்தது வரும்' என்றாள். சுவரை அடைத்த அன்று கம்பெனி ஆபீசர் ஒருவர் அவளிடம் சொன்னதும் இதேதான், போனது போச்சு மனசைத் தேத்திக்கோ. அந்த ஆளை அவள் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அதே வார்த்தையை எடுத்துத் தன் மருமகள் தலையில் தானே போட்டிருக்கிறாளே! உடம்பு கைக்கு வராமல் போனால் எப்படி இருக்கும் என்று இந்த உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியவேண்டாமா?

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க மாமாவ நெனச்சிக்கினு இருப்பீங்க. அதுல இத்த வேற எப்படி..."

"மவராசி" என்றாள் கண்மணி. வேறு வார்த்தை வரவில்லை. எச்சில் கையோடு அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஓவியா ஒருமுறை கேவினாள். பிறகு அடக்கமாட்டாமல் அழுதாள். காகம் இரண்டு உருண்டையையும் தின்றுவிட்டுப் பறந்துவிட்டது.

அழுது ஓய்ந்தபின் கண்மணி பாட்டில் தண்ணீரில் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். கையைக் கழுவிக்கொண்டாள்.

"எந்திரி."

"எங்க அத்தே?"

"எந்திரின்றேன்ல."

மரத்தடியில் பந்தே இன்னும் உட்கார்ந்திருந்தார். செம்பு வைத்த இடத்திலேயே இருந்தது. ஜமுக்காளத்தின் ஓரத்தில் ஆறுமுகம் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். ராகுலன் தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். மற்றவர்கள் படகுத்துறைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கண்மணி ஓவியாவைக் கையைப் பிடித்து உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பந்தே, இவளுக்கு ஒரு புள்ள போச்சு. அஞ்சு மாசம். உடம்ப எங்களுக்குத் தரல. ஒரு சொட்டுப் பால்கூடக் குடிக்காம, நாக்கு நனையாமப் போன புள்ள. அதுக்குத் தண்ணி ஊத்தலாமா?"

"ஊத்தலாம் அம்மா" என்றார் பந்தே.

செம்பை ஓவியாவின் கையில் கொடுத்தார். கண்மணி தன் கையையும் அதன்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டாள். பந்தே கண்ணை மூடி ஓத ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, "பேர் சொல்லணும். பேர் என்ன?" என்றார்.

ஓவியா தலையைக் குனிந்துகொண்டாள். பெயர் எங்கே இருக்கிறது? பிறந்தால் வைக்கலாம் என்று இருந்தார்கள்.

ஆறுமுகம் நிமிர்ந்து பார்த்தார்.

"மனோகரன்" என்றாள் கண்மணி.

பந்தே அவள் முகத்தைப் பார்த்தார்.

"மனோகரன்னு சொல்லுங்க பந்தே. ரெண்டு பேருக்கும் அதான் பேரு."

பந்தே அந்தப் பெயரைச் சொன்னார். மாமியாரும் மருமகளும் சேர்ந்து செம்பைச் சாய்த்தார்கள். தண்ணீர் மெலிதாக இறங்கிக் கிண்ணத்தை நிறைத்தது, விளிம்பில் நின்றது, பிறகு தட்டில் வழிந்தது. செம்பு காலியாகிற வரைக்கும் கண்மணி கையை எடுக்கவில்லை. காலியானதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. வந்தது என்றால், அப்படி இப்படி அல்ல. ஷாப்ட் வாசலில் அழவேண்டிய அழுகை, மார்பில் அடித்துக்கொண்டு, பெயர் சொல்லிச் சொல்லி அழுதாள். ஜெயம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஆறுமுகம் துண்டுக்குள்ளேயே அழுதார். படகுத்துறையிலிருந்து நாகேஷ் கிளம்பலாம் கிளம்பலாம் என்று தெலுங்கில் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

ராகுலன் ஓடிவந்து அவள் எதிரே மண்டியிட்டான். அவனுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. "அம்மா, அம்மா, நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாதும்மா. நாம எங்கியும் போவ வேணாம். அங்கியே இருக்கலாம்" என்றான்.

கண்மணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் காலிச் செம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓவியாவை ஒரு தடவை பார்த்தாள்.

"பெங்களூர்ல வூடு பாருடா" என்றாள். "ரயிலு சத்தம் கேக்காத எடமாப் பாரு."